குருசும் கெமுக்கும்

1

போன வாரம் பினாங்கில் ஒரு ஆபீசில், நான் நானில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அரிசிச் சீட்டு மாற்றப் போயிருந்தேன். யுத்தத்துக்கு முந்தி ஊருக்கு வந்து திரும்பிய வருஷம் வாங்கிய பிரயாணச் சீட்டு ஒன்று என்னிடம் உண்டு. அதில் படமும் ஒட்டியிருக்கிறது. ஜப்பான்காரன் காலம் முழுக்க அதைத் தகர டப்பாவில் போட்டு வாழை மரத்தடியில் புதைத்துக் காப்பாற்றினேன். அதைத்தான் அத்தாட்சியாக நீட்டினேன். சின்ன வயசுக் குமாஸ்தா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்தார். படத்தில் இருப்பவருக்குக் கழுத்தே கிடையாது. எதிரே நின்ற எனக்குக் கழுத்தைத் தவிர வேறொன்றும் எடுப்பாக இல்லை.

“உங்கள் அண்ணன் வரவில்லையா?” என்று கேட்டார்.

எனக்கு அண்ணனே கிடையாது என்றேன். அப்படியானால் இந்தச் சீட்டு எங்கே கிடைத்தது என்றார். கடைசியில் இரண்டு சாட்சிகளைக் கூட்டிவரச் சொன்னார். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் கையெழுத்துப் போடுமுன் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்தால் தேனியிலிருந்து கடிதம். உறையின் ஓரத்தில் இரண்டு நிறத்தில் பசை. யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் நம் சபை மூப்பர் ஐயா. என் தகப்பனார் யுத்த காலத்தில் நித்திரையடைந்ததும், எனக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் அடக்கம் செய்ததும் முந்திய கடிதத்திலேயே வந்துவிட்டது. இது கல்லறைக் கல்லைப் பற்றிய கடிதம். அப்பாவின் பேருக்குக் கீழே ‘பினாங்கு கெமுக்கு ஞானமுத்து அவர்களின் தகப்பனார்’ என்று வெட்டச் சபையார் விரும்புகிறார்களாம். ‘கெமுக்கு’ என்பதில் ஒற்று வருமா வராதா என்று மறு தபாலில் தெரிவிக்க வேண்டுமாம்.

ஞானமுத்து நான்தான். கெமுக்கு என்பது இந்த ஊரில் எனக்குக் கொடுத்த பட்டம் என்று நீங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, இல்லை, தெரிந்துகொண்டே கேட்கிறீர்களா? குச்சனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இங்கே தோட்டத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம் கப்பலேறினார். மலாய்ப் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் தேனிச் சந்தைக்கு வந்து உங்களில் ஒருவரிடம் ஒரே ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். ஒற்றைப் பற்றிய கேள்வி உண்மையிலேயே ஒற்றைப் பற்றியதுதானா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தேன்.

யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன். மூப்பர் ஐயா இதைச் சபையின் மாதத்தாளில் குறைக்காமல் போடவேண்டும். குறைப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2

பதினெட்டு வயசில் நான் இருந்த இருப்பு உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பஜாரில் எனக்கு ஈர்க்குச்சி என்று பேர். அப்பாவுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்பார்கள்: “எல்லாத்தையும் மாட்டுக்கே போட்டுருவீகளோ? பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்குறதில்லையோ?”

போடியில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது நான் ஒரு தடவை இருமினேன். தொண்டையில் புண்ணாக்குத் தூசி, வேறொன்றும் இல்லை. நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

“பையனுக்கு எளப்பு இருக்குமோன்னு வீட்டுப் பொம்பளைக சங்கடப்படுறாக” என்றார்.

எளப்பு என்றால் சயரோகம். அந்த வார்த்தை ஒரே வாரத்தில் பஜாரைச் சுற்றி வந்துவிட்டது. அதற்கப்புறம் யார் என்னோடு பேசினாலும் என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சுக்கூட்டையே பார்ப்பதாக எனக்குத் தோன்றும். தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை யார் எடுக்கிறார்கள், எடுத்து எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பேன். மனிதர்கள் மேல் எனக்குள்ள சந்தேகத்துக்கு வயசு அன்றிலிருந்துதான்.

கப்பலேறுவது என்று முடிவாயிற்று. கிளம்புகிற காலையில் அப்பா, மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் என்னை உட்காரச் சொன்னார். மறு தட்டில் ஓடைப்பட்டியிலிருந்து வந்த பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றை வைத்தார். நான் சர்ரென்று மேலே போனேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“ஏலே, ஒரு மூட்டைக்காச்சும் வந்து சேருலே” என்றார்.

பினாங்கில் இறங்கி வரிசையில் நின்றோம். பேர் எழுதிக்கொண்டிருந்த மலாய்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், “குருஸ், குருஸ்” என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊரில் எளப்புக்காரன், இங்கே கால் வைத்ததும் முகத்தைப் பார்த்தே இவன் சிலுவையின் பிள்ளை, குருசுக்காரன் என்று கண்டுபிடித்துவிட்டார்களே! பையிலிருந்த புதிய ஏற்பாட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். “ஆமா, குருசு! குருசு!” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் ஆயுளில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

மூட்டை தூக்குகிறவர், காப்பிக் கடைக்காரர், ரிக்‌ஷா இழுப்பவர் என்று போகிற வருகிறவர்கள் எல்லாரும் குருஸ், குருஸ் என்றார்கள். பக்கம் பக்கமாக ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவின் பதில் வந்தது.

“ஒன் கடுதாசிய சபையில வாசிச்சாக. ஸ்தோத்திர ஜெபம் பண்ணுனாக. எளப்புன்னு சொன்ன போடிக்காரகளும் அன்னைக்கு வந்து ஒக்காந்து கேட்டாக. எனக்கு இது போதும்.”

அந்தக் கடிதம் வந்த வாரம் சந்தைக்குக் கோழி வாங்கப் போனேன். கோழிக்காரம்மா ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தூக்கி, முகத்தைச் சுளித்து, “குருஸ்” என்றாள். இந்தக் கோழி எப்போது ஞானஸ்நானம் வாங்கியது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவள் கோழியின் நெஞ்செலும்பைத் தடவிக் காட்டினாள். பிறகு அதே விரலால் என் நெஞ்செலும்பைக் காட்டினாள். குருஸ் என்றால் மலாயில் ஒல்லி.

உடனே எழுதியிருக்கலாம். ‘எனக்கு இது போதும்’ என்று எழுதியவருக்கு எப்படி எழுதுவது? எழுதவில்லை.

3

இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு வரைக்கும் குருஸ்தான். இதற்குள் கலியாணம் ஆகி, ஒரு மகனும் பிறந்துவிட்டான். ரப்பர்ச் சரக்கை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். டின் பால் ஊற்றிய காப்பி, தேங்காய்ப் பாலில் வெந்த சோறு. ஒரு நாள் சட்டையின் நாலாவது பொத்தான் துவாரத்துக்கு வந்து சேரவில்லை. சலவைக்காரர் வெந்நீரில் முக்கிச் சட்டையைச் சுருக்கிவிட்டார் என்று அவரோடு சண்டை பிடித்தேன். பிறகு, தையல்காரர் துணியில் மிச்சம் பிடிக்கிறார் என்று அவர்மேல் சந்தேகம். பிறகு, பீரோவில் பதித்த கண்ணாடி சரியில்லை என்றேன். என் மனைவி ரூத் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். சுற்றி வளைக்கத் தெரியாது.

“கண்ணாடிய மாத்திக்கலாம். முதல்ல வயித்த எக்காம நின்னு பாருங்க” என்றாள்.

இடையில் இரண்டு மூன்று வருஷம் என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. குருஸ் என்பது நின்றுவிட்டது, அந்த இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை. உடம்பு நடுவாந்தரமாக இருக்கிற காலத்துக்கு எந்தப் பாஷையிலும் பட்டப்பேர் கிடையாது போலிருக்கிறது. எனக்கு அப்போது அது புரியவில்லை. என்னைப் பற்றி யாரோ ஏதோ சொல்லித்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் படகுத்துறையில் ஒரு சின்னப் பெண் என்னைக் கைகாட்டித் தன் தாயிடம், “கெமுக்” என்றாள்.

கெமுக் என்றால் குண்டு. சபையாரே, அந்த வார்த்தையைத்தான் நீங்கள் கல்லில் வெட்டப் போகிறீர்கள்.

வெளியே இவ்வளவு நடந்தும் உள்ளே இருந்தவன் என்னவோ அந்த ஈர்க்குச்சிதான். கூட்டத்தில் ஒரு சாண் சந்து தெரிந்தால் பழைய ஞாபகத்தில் பக்கவாட்டில் நுழைந்து பாதியில் மாட்டிக்கொள்வேன். இருமல் வந்தால் கைக்குட்டைக்குள் ஒளித்து இருமுவேன். இத்தனை சதை போட்ட பிறகும் எவராவது எளப்பு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். பதினெட்டு வயசில் நம் உடம்பைப் பற்றி ஒருத்தர் சொன்ன வார்த்தை அந்த உடம்பு போனபிறகும் போகாமல் இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை.

அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வரும். முடிவில் ஒரே கேள்வி: “இப்பவும் ஒன்னைய குருசுன்னுதான கூப்புடுறாக?” அந்த ‘இப்பவும்’ என்பதை எத்தனை தடவை படித்திருப்பேன்! எதையோ கேள்விப்பட்டுத்தான் ‘இப்பவும்’ என்று போட்டிருக்கிறாரோ? ஆமாம் என்று எழுதுவேன். படம் அனுப்பச் சொல்வார். வந்த புதிதில் எடுத்த படத்தின் கண்ணாடித் தகடு ஸ்டூடியோவில் இருந்தது. அதிலிருந்தே இன்னொரு பிரதி போட்டு அனுப்புவேன். ஒரு தடவை ஓரத்தை வெட்டி, இன்னொரு தடவை பழுப்பு நிறம் ஏற்றி. நாலு வருஷத்தில் நாலு படம் அனுப்பினேன். நாலிலும் ஒரே பதினெட்டு வயசு.

4

யுத்தம் தொடங்குமுன், அப்பாவுக்குக் கண் மங்குகிறது என்று அக்கா எழுதியதால் புறப்பட்டேன். கைக்குழந்தையோடு ரூத்தால் வரமுடியவில்லை. மூத்தவன் சாலமோனை மட்டும் அழைத்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது பதினாறு வயசு. பதினெட்டில் நான் எப்படியோ அப்படியே இருப்பான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பேர் குருஸ். எளப்பு பயத்தில் தினமும் காலையில் அவன் மூக்கைப் பிடித்து மீனெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் அவனுக்கு என்மேல் கோபம். வீட்டில் தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்லுகிற வயசு வேறு.

கப்பலில் அவனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“தாத்தாகிட்ட குருஸ்னா என்னன்னு சொல்லிராதடா.”

“பொய் சொல்லணுமா?”

“பொய் வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

“அவர் கேட்டா?”

சொல்ல மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவன் சமயம் பார்த்து என்னைக் கவிழ்க்கப் போகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தேனி ஸ்டேஷனில் ரயில் நின்றது. அப்பா கையில் அந்தப் பழைய படத்தோடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் விரித்து எதிரே போனேன். அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, என்னைத் தாண்டிப் போய், சாலமோனைக் கட்டிப் பிடித்தார்.

“ஏலே ஞானமுத்து! அப்டியே இருக்கியேலே!”

சாலமோன் மெதுவாகத் தன்னை விடுவித்துக்கொண்டு, “தாத்தா, நான் பேரன். அப்பா அது” என்று என்னைக் காட்டினான். அப்பா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இவுகளா?” என்றார்.

பெற்ற மகனை அந்நியருக்குரிய மரியாதையோடு ‘இவுகளா’ என்று கேட்டார்.

அக்கா வீட்டில் விருந்து. சாலமோன் இலையில் அக்கா சோற்றைக் குவித்தாள். அவன் வேண்டாம் என்பதற்கு மலாயில், “தா மாவ்” என்றான். அக்காவுக்கு அது “தாம்மா” என்று காதில் விழுந்தது. “அத்தைகிட்ட என்னய்யா கூச்சம், இந்தா” என்று இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் கையை ஆட்டி, “தா மாவ், தா மாவ்” என்றான். “ஆத்தா, பிள்ளை எம்புட்டுப் பசியோட வந்திருக்கான்!” என்று சட்டியையே கொண்டுவந்துவிட்டாள். நான் நடுவில் புகுந்து சொல்லியிருக்கலாம். மீனெண்ணெய் செய்யாததை அக்கா செய்யட்டும் என்று பேசாமல் இருந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன நடக்கப் போகிறது என்பது எழுதியிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றீர்கள். மூப்பர் ஐயாவும் நின்றார். அப்பா பேரனின் தோளில் கைபோட்டுச் சத்தமாகக் கேட்டார்:

“ஏய்யா, ஒன்னைய அங்கன என்னன்னு கூப்புடுறாக?”

“குருஸ், தாத்தா.”

அது நிஜம். அப்பா சுற்றிலும் பார்த்தார். “கேட்டீகளா? பேரனையும்!” பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “அப்ப ஒங்கப்பன?” என்றார்.

சாலமோன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சட்டைக்குள் நான் வயிற்றை எக்கியதை அவன் பார்த்திருக்க வேண்டும்.

“கெமுக்” என்றான்.

“அப்டின்னா?”

“பெரிய ஆள், தாத்தா.”

அவ்வளவுதான். அங்கே நின்ற அத்தனை பேரும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள். அன்று சாயங்காலமே பஜாரில் ஒரு கடைக்காரர், “வாங்க கெமுக்கு” என்று நாற்காலி போட்டார். திரும்பி வந்த பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் திருவாளர் கெமுக்கு ஞானமுத்து என்று இங்கிலீஷில் எழுதிய மேல்விலாசத்தோடு வந்தன. தபால்காரர் மலாய்க்காரர். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் நான் பிடுங்கிக்கொள்வேன்.

ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் அப்பா மறுபடியும் என்னைத் தராசில் ஏறச் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை. எதிர்த் தட்டில் ஒரு மூட்டை வைத்தார், நான் அசையவில்லை. மேலே அரை மூட்டை வைத்ததும்தான் தட்டுகள் நேருக்கு நேர் நின்றன. அப்பா தராசின் முள்ளைக் கையால் தடவிப் பார்த்தார். மூட்டையைக் குத்திப் பார்ப்பது போல என் புஜத்தில் இரண்டு குத்துக் குத்தினார்.

“பெரிய ஆளுதாம்லே” என்றார். இந்த முறை சிரித்தார்.

நாற்பது வருஷம் எடை போட்டுப் பிழைத்த மனிதர் அவர். என்ன தெரிந்து சிரித்தார் என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை. பிறகு என்னைக் கட்டிப் பிடித்தார். அவருடைய இரண்டு கையும் என் முதுகில் வந்து ஒன்றை ஒன்று தொடவில்லை. தொடட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்.

5

யுத்தத்தில் மூன்றரை வருஷம் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். இடுப்பு வாருக்கு ஆணியால் புதிது புதிதாகத் துளை போட்டு, கடைசியில் வாரின் நுனி போதும் போதும் என்று முதுகுப் பக்கம் வந்துவிட்டது. கோழிக்காரம்மா இருந்திருந்தால் மறுபடியும் விரலை நீட்டியிருப்பாள். இப்போது நான் அசல் குருஸ். ஆனால் உள்ளே இருப்பவன் எப்படியோ கெமுக்காகிவிட்டான். போன வாரம் அந்த ஆபீஸ் வரிசையில் இரண்டு ஆள் போகிற இடம் கிடைக்கட்டும் என்று ஒதுங்கி ஒதுங்கி நின்று கடைசி ஆளாகப் போனேன். உடம்பு என்னைக் கேட்காமல் மாறுகிறது. நான் அதன் பின்னாலேயே ஓடி, சேருவதற்குள் அது வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

மூப்பர் ஐயாவின் கடிதத்தைச் சாலமோனிடம் காட்டினேன். அவனுக்கு இருபத்திமூன்று ஆகிறது. பட்டாளத்துச் சாமான் கிட்டங்கியில் வேலை, டின் சாப்பாடு கிடைக்கிறது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் படித்தான்.

“அன்னைக்கு ஏன்டா அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். ஏழு வருஷமாகக் கேட்காத கேள்வி.

“எப்படி?”

“பெரிய ஆள்னு.”

“ஏன், பொய்யா?” என்றான். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.

கேலியா, பிரியமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் சட்டையின் நாலாவது பொத்தான் மட்டும் லேசாக இழுத்துப் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் சலவைக்காரரைச் சந்தேகப்படட்டும்.

இனி மூப்பர் ஐயாவுக்குப் பதில். கெமுக்கு என்பதில் ஒற்று உண்டு. அர்த்தம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது; முன்பே தெரிந்திருந்தால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது போதும், இனி என்னோடு சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம். குருசு என்று வெட்டினால் கல்லறைக்குப் பொருத்தமாக இருக்குமே என்று யாராவது சொல்வீர்கள். வேண்டாம். அந்தப் பேரை வைத்து அப்பாவை நான் ஏமாற்றினேன். நாலு படமும் அந்தப் பேரும் ஒரே பொய். கெமுக்கைத்தான் அவர் தராசில் ஏற்றித் தன் கையால் நிறுத்துப் பார்த்தார். கடைசியாக அவர் கட்டிப் பிடித்ததும் அந்த உடம்பைத்தான். அது இப்போது என்னிடமும் இல்லை.

அதனால் கெமுக்கு என்றே வெட்டுங்கள். கல் மட்டும் கொஞ்சம் அகலமானதாகப் பாருங்கள்.